பல் டாக்டரின் கேமரா

மின்விசிறி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. கடைக்காரர் சுவிட்சைப் போடுகிறார், அது சுற்றுகிறது, காற்று வருகிறது, கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு கோடை முழுக்க ஓடினால் அது என்ன சத்தம் போடும், வோல்டேஜ் இறங்கினால் என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்காகத்தான் தொழிற்சாலையில் என்னைப் போல ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். விசிறி நன்றாக ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை இல்லை. எப்போது நிற்கும் என்று பார்ப்பதுதான் என் வேலை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்பது இதுதான்.

என் மனைவி வீட்டில் என்னைக் கேட்காமல் எதையும் வாங்க மாட்டார்கள். மாமனாரின் காது மெஷின், மாமியாரின் தையல் மெஷின், ஹாலில் போட்டிருக்கும் நாற்காலிகள், எல்லாம் நான் பார்த்துச் சொன்னவை. "மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று மாமனார் சொல்லிவிட்டால் அதற்குமேல் அங்கே பேச்சு கிடையாது. அதனால் என் மச்சினனுக்கு ஒரு பழைய கேமரா வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தபோது அது தானாகவே என்னிடம் வந்து சேர்ந்தது.

மச்சினனை நாங்கள் பொடியன் என்று கூப்பிடுவோம். ஆறடி உயரம், முப்பதைத் தொடப்போகிற வயது. பிறந்தபோது வைத்த செல்லப்பெயர். ஆள் வளர்ந்துவிட்டான், பெயர் அங்கேயே நின்றுவிட்டது. கூரியர் அலுவலகத்தில் வேலை. விடுமுறை நாட்களில் யாரிடமாவது கேமராவை இரவல் வாங்கிக் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போவான். நன்றாகவே எடுப்பான். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தது என்றால் அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண். அவளுடைய அப்பா பஸ் டிப்போ மேனேஜர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "படம் எடுக்கிறது தொழிலாம். சரி. அப்ப கேமரா எங்க?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கேமரா வந்தாக வேண்டும்.

பல் டாக்டர் ஒருவர் தன்னுடைய பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை விற்கப்போவதாகப் பொடியன்தான் கேள்விப்பட்டு வந்தான். நாங்கள் இரண்டு பேரும் போனோம். டாக்டர் ஒருவரின் வாய்க்குள் கைவிட்டுக்கொண்டே எங்களிடம் பேசினார்.

"நல்ல கேமரா சார். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட கீழ போட்டதில்ல."

"இதுல என்னென்ன எடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பல்லு."

"வேற?"

"ஈறு." கொஞ்சம் யோசித்தார். "இவரோடதுகூட எடுத்திருக்கேன். நல்லா வந்துச்சுல்ல சார்?"

நாற்காலியில் கிடந்தவர் "ஆ" என்றார்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். "இப்ப உள்ளுக்குள்ள கண்ணாடியே இல்லாத கேமரா வந்துடுச்சு. சின்னதா இருக்கு, சத்தமே போடறதில்ல. இது கிளக்னு ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டதும் பேஷண்ட் திடுக்குனு பல்லைக் கடிச்சுடறாங்க. அந்த நேரம் பார்த்து என் விரல் உள்ள இருக்குது" என்றார். ஆள்காட்டி விரலைக் காட்டினார். தழும்பு இருந்தது.

கேமராவைக் கையில் வாங்கினேன். கனமாக இருந்தது. பிடியில் ஒட்டியிருந்த ரப்பர் ஒரு மூலையில் லேசாகக் கிளம்பியிருந்தது. மற்றபடி புதிதுபோல் இருந்தது. நினைத்துப் பாருங்கள், அவ்வளவு நல்ல கேமரா அதுவரை ஒரு முழு மனிதனைப் பார்த்ததே இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சுப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்குங்க, இல்லன்னா திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார் டாக்டர். பொடியன் கையை நீட்டினான். நான் கேமராவை என் பைக்குள் வைத்தேன்.

பழைய கேமரா வாங்குவது பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வயதாகிவிட்டது, ரிப்பேர் என்றால் பாகம் கிடைக்காது என்பார்கள். அதெல்லாம் கடைக்காரர்கள் கிளப்பிவிடுவது. பார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான். லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. ஷட்டர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். மனிதர்களுக்கு இருக்கிற பற்கள் கொஞ்சம்தானே, அதிகம் ஓடியிருக்கவில்லை. வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பார்த்தேன், சென்சாரில் ஒரு தூசுப் புள்ளி இருந்தது. ஊதியதும் போய்விட்டது. பேட்டரி நாள் முழுக்க நின்றது.

அன்றைக்கே வாங்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் எல்லாரும் செய்வார்கள். விசிறி சுற்றுகிறது, கட்டிக் கொடுங்கள் என்பதுபோல.

சும்மா நிற்கிற பொருளை எந்தக் கேமராவும் எடுக்கும். ஓடுகிற பொருளை எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெருவுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு நாய் உண்டு. இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கண்டால் அதற்கு ஆகாது. அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்தேன். நாயை நான் ஏவிவிடவில்லை, ஐயா. கேட்டின் தாழ்ப்பாளை மட்டும் எடுத்தேன். இரண்டு பேரும் நேராக என்னை நோக்கி ஓடி வந்தார்கள். ஃபோகஸ் ஓர் இடத்தில்கூட நழுவவில்லை. ஏஜெண்டின் இடது காலில் செருப்பு இல்லை என்பதும் அந்தச் செருப்பு காற்றில் எங்கே இருக்கிறது என்பதும் ஒரே படத்தில் தெளிவாக விழுந்திருந்தது.

அடுத்து தோலின் நிறம். கல்யாணத்துக்கு எடுக்கப்போகிற கேமரா. கல்யாணத்தில் அழுவார்கள். அழுகிற முகம் சிவக்கும், வெளிறும், கண் மினுங்கும். அதையெல்லாம் காட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கச் சொல்வது பொறுப்பில்லாத காரியம். என் மனைவியைத்தான் முதலில் நினைத்தேன். அவள் அவ்வளவு சுலபமாக அழுகிறவள் இல்லை. அதனால் மாமனாரை ஜன்னலோரம் உட்கார வைத்து, "மாமா, பென்ஷன் ஆபீஸ்ல விசாரிச்சேன். அவங்க கம்ப்யூட்டர்ல நீங்க இறந்துட்டதா பதிஞ்சிருக்காங்களாம்" என்றேன்.

அவர் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். "எப்பவாம்?" என்றார்.

"போன மாசமாம்."

"யாருமே எங்கிட்ட சொல்லலையே மாப்பிள்ளை."

அந்த இடத்தில் அவருடைய தாடை நடுங்க ஆரம்பித்தது. விடாமல் எடுத்தேன். வெளிறிப்போன கன்னத்தின் நிறம் அப்படியே வந்தது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பிறகு, அது வேறு ஒருவராம், தவறு திருத்தப்பட்டுவிட்டது என்று சொல்லி அவரைத் தேற்றினேன். அதற்கும் அழுதார். அதுவும் இருக்கிறது.

இதற்கிடையில் பொடியன் தினமும் வந்து நின்றான். "அத்தான், ஒரே ஒரு தடவை கையில கொடுங்களேன், பிடிச்சுப் பார்க்கறேன்" என்பான்.

"சோதனை நடக்கும்போது கை மாறக் கூடாது" என்பேன்.

"சரி அத்தான்" என்று போய்விடுவான். கேமராவை நான் மனைவியின் பழைய பட்டுச் சால்வையில் சுற்றி ஹால் அலமாரியில் வைத்திருந்தேன். அங்கே எங்கள் கல்யாணப் படம் இருந்தது. அதை எடுத்துத் துணி பீரோவுக்குள் வைத்துவிட்டேன். கேமராவுக்குத் தோளில் மாட்ட ஒரு புது வாரும் வாங்கினேன். சோதனைக்கு வந்த பொருளுக்கு எதற்கு வார் என்று மனைவி கேட்டாள். கீழே விழுந்தால் டாக்டருக்கு யார் பதில் சொல்வது என்று நான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இருட்டுச் சோதனை ஒன்றுதான் பாக்கி.

எங்கள் கட்டடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பழைய கட்டடம். லிஃப்ட்டுக்கு இழுத்து மூடுகிற கம்பிக் கதவு. படிக்கட்டும் லிஃப்ட்டும் நடுவில் இருப்பதால் பகலிலும் அங்கே விளக்கு எரிந்தால்தான் வெளிச்சம். நாங்கள் மூன்றாவது மாடி, மாமனார் வீடும் எங்களுக்கு எதிரேதான். டிப்போ மேனேஜர், அவர் மனைவி, பெண், மூன்று பேரும் காலை பதினொரு மணி வாக்கில் வந்தார்கள். மாமனார், மாமியார், பொடியன் மூவரையும் கீழே போய் வரவேற்கச் சொன்னதும், முதல்முறையாக வருகிறவர்களைப் படியேற விடக் கூடாது, லிஃப்ட்டிலேயே கூட்டி வாருங்கள் என்று சொன்னதும் நான்தான். மரியாதைக்காகச் சொன்னேன். ஆறு பேரும் ஏறினார்கள். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் மின்சாரம் நின்றது.

நிறுத்தினேன் என்பது இன்னும் சரி. இந்த வருடம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். கரண்ட் ரூம் சாவி என்னிடம் இருக்கும். தற்செயலாக நடந்ததா என்று நேற்று கேட்டீர்கள், ஆமாம் என்றேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். கம்பிக் கதவு வழியாகப் பார்த்தால் லிஃப்ட்டின் அடிப்பாகம் எந்த மாடியைத் தாண்டுகிறது என்பது கீழிருந்தே தெரியும். பார்த்துத்தான் மெயினை இறக்கினேன்.

படியேறி மேலே வந்தபோது என் மனைவி கையில் பிஸ்கட் தட்டோடு வாசலில் நின்றாள். "என்னங்க, எல்லாரும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. கீழ போய் மெயினைப் பாருங்க."

"பார்த்துட்டுத்தான் வரேன்" என்றேன். நான் அவளிடம் பொய் சொன்னதில்லை.

லிஃப்ட் நான் எண்ணியதைவிட நல்ல இடத்தில் நின்றிருந்தது. உள்ளே இருப்பவர்களின் முகங்கள் எங்கள் தளத்தின் தரைக்குச் சரியாக இருந்தன. காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. நாலைந்து போன் விளக்குகளைப் போட்டுக் கீழே பிடித்திருந்தார்கள். வெளிச்சம் தாடையிலிருந்து மேல்நோக்கி ஏறியது. அப்படி ஒரு வெளிச்சத்தை ஸ்டுடியோவில்கூட அமைக்க முடியாது. நான் தரையில் குப்புறப் படுத்துக் கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

"லிஃப்ட்டே இப்படின்னா வீடு எப்படி இருக்குமோ" என்று டிப்போ மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் எங்களோடது இல்லீங்க சம்பந்தி. அது சங்கத்தோடது" என்றார் மாமனார்.

"அந்தச் சங்கத்துக்குச் செயலாளர்னு ஒருத்தர் இருப்பாரே, அவரு எங்க?"

மாமனார் கம்பிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். "அது நம்ம மாப்பிள்ளைதாங்க."

கிளக்.

"மாப்பிள்ளை, அங்க படுத்துக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று மாமியார் கேட்டார்.

"வெளிச்சம் பார்க்கறேன் அத்தை."

நிறைய எடுத்தேன். எல்லாம் நன்றாக வந்தன. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர்கள் பழகிவிட்டார்கள். டிப்போ மேனேஜரின் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டார். மாமனார் தன் பென்ஷன் கதையைச் சொல்லத் தொடங்க, மேனேஜர் ஆச்சரியமாக அதைக் கேட்கவும் செய்தார். "செத்துட்டீங்கன்னா எழுதினாங்க? எங்க டிப்போலயும் ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆச்சு" என்று சிரித்தார். பொடியன் மூலையில் வளைந்து நின்றான். அந்தப் பெண் அவனுக்குப் பக்கத்தில். இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தால் இரண்டு சம்பந்திகளும் தோளில் கை போட்டிருப்பார்கள்.

அது எனக்கு உதவாது, ஐயா. ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற முகங்களை எடுத்துவிட்டேன். இருட்டில், எல்லா முகமும் ஒரே நேரத்தில் திரும்பினால் கேமரா பிடிக்குமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. அதனால் படுத்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல், "பொடியா, கூரியர் வேலையை விட்டுட்டதை அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

பத்து நாள் முன்னால்தான் விட்டிருந்தான். முழுநேரமும் படம் எடுக்கப்போகிறேன், கேமராவைக் காட்டிவிட்டு நானே சொல்லிக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அத்தான் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

திரும்பினார்கள். மாமனாரின் வாய் பாதி திறந்திருந்தது. மாமியாரின் கை நெஞ்சில் இருந்தது. டிப்போ மேனேஜரின் விரல் மேலே எழும்பி நின்றது, அவருடைய கண்ணாடியில் இரண்டு போன் விளக்குகள். எல்லாம் ஊசிமுனைபோலத் தெளிவாக இருந்தன. ஸ்டாண்டு இல்லாமல் கையில் பிடித்து எடுத்தது. அந்தப் பெண் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. பொடியனைப் பார்த்துக்கொண்டு அவன் கையைப் பிடித்திருந்தாள். படத்தில் அது ஒன்றுதான் குறை.

பிறகு கீழே போய் மெயினைப் போட்டேன். லிஃப்ட் வந்து நின்றதும் டிப்போ மேனேஜர் வீட்டுக்குள் காலே வைக்காமல் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு படி வழியாக இறங்கினார். "இந்தப் பேச்சு இதோட முடிஞ்சது" என்று இரண்டாவது மாடியில் சொன்னது எங்களுக்கு மேலே கேட்டது. மாமியார் பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பொடியன் படிக்கட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். அவன் அவ்வளவு உயரம் என்பது அப்போது தெரியவில்லை.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக என் வார்த்தைக்காகக் காத்திருந்தவன். அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்று பட்டது.

"கேமரா வேண்டாம்டா. இருட்டுல ஃபோகஸ் தடுமாறுது. கல்யாணத்துக்கு ஆகாது."

"அப்படியா அத்தான்?" என்றான். "நல்லவேளை, நீங்க பார்த்துச் சொன்னீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஃபோகஸ் தடுமாறவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் டாக்டரைப் பார்த்து நானே வாங்கிக்கொண்டேன். என்ன செய்ய முடியும்? பொடியனுக்கு வேலை இல்லை, கல்யாணமும் இல்லை. அவனிடம் இருந்தால் அது பெட்டியில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். திரும்பவும் டாக்டரிடம் விட்டால் மறுபடி பல். ஒரு நல்ல பொருள் வீணாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்தப் பெண் புதன்கிழமை தனியாக வந்தாள். லிஃப்ட்டைத் தொடவில்லை, படியேறியே வந்தாள். பொடியன் வேலையை விட்டது அவளுக்கு முன்பே தெரியுமாம். விடச் சொன்னவளே அவள்தானாம். அப்பா வந்தாலும் வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடித்தாள். மாமியாருக்குப் பாதி உயிர் வந்தது. அதோடு போயிருக்கலாம். "அன்னைக்கு எங்களை ஏதோ படம் எடுத்தீங்களே, பார்க்கலாமா?" என்று என்னைக் கேட்டாள்.

காட்டினேன். என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தது.

நெடுநேரம் பார்த்தாள். "எங்க அப்பா கோபமா இருந்தாருன்னு நினைச்சேன். பயந்துதான் போயிருக்காரு, பாருங்க" என்றாள். எனக்கு அவருடைய கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பிறகு அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணாடிக் கடைக்காரி, எது தெளிவு எது மங்கல் என்பதைத்தான் தினமும் பார்க்கிறாள். "இது அந்த டாக்டர் கேமராதானே? ஃபிளாஷே இல்லாம எடுத்ததா?"

"ஆமாம்."

"புருவத்துல ஒவ்வொரு முடியும் தெரியுது. அப்ப நீங்க இவர்கிட்ட சொன்ன மாதிரி ஃபோகஸ் தடுமாறவே இல்லையே?"

பொடியன் என்னைப் பார்த்தான். பிறகு கேமராவைப் பார்த்தான், அதன் புது வாரைப் பார்த்தான். "இது ஏன் அத்தான் இன்னும் இங்க இருக்கு?" என்று கேட்டான். நான் சொல்லத் தொடங்குவதற்குள் என் மனைவி எழுந்து கேமராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதில் இருந்த படங்களை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். செருப்பில்லாத ஏஜெண்ட்டைப் பார்த்தாள். அவளுடைய அப்பா அழுகிற படங்கள் வந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

டிப்போ மேனேஜர் ஏற்கெனவே உங்களிடம் புகார் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் என் மனைவி இங்கே ஸ்டேஷனுக்கு வந்து கேமராவை உங்கள் மேஜையில் வைத்ததும் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வாரை ஒழுங்காகச் சுருட்டித்தான் வைத்திருந்தாள். லென்ஸ் மூடியை மட்டும் போட மறந்துவிட்டாள்.

ஆறு பேரை அடைத்து வைத்ததற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். மறுக்கவில்லை. தாழ்ப்பாளை எடுத்ததும் நான், மெயினை இறக்கியதும் நான், அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். பொடியன் இப்போது என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் நடந்து போகிறான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சின்ன வயசு, யார் தனக்கு நல்லது செய்தார்கள் என்பது இப்போது புரியாது. ஆனால் அவன் ஒன்றை மட்டும் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரம் அவனுக்காக நான் அவ்வளவு மெனக்கெடாமல் இருந்திருந்தால், அந்தக் கேமராவை அவன் வாங்கியே இருப்பான்.